அளவுக் கோப்பையில் மந்திரம்

ஜனவரி 9

அன்புள்ள வாயாடிக்கு,

குப்பி எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். உன் சுகத்தை நீ எழுதினால்தான் தெரியும். போனில் கேட்டால் "நல்லா இருக்கேன்டீ, மீட்டிங் இருக்கு" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் காகிதத்தை எடுத்தேன். நீ மடித்து வைத்துவிட்டு மீட்டிங்குக்குப் போனாலும் இது கோபித்துக்கொள்ளாது.

முதலில் நல்ல சேதி. நீ வேலை மாறிப் போனதும் நம் கதை விளையாட்டு மேசை கலைந்துவிடும் என்று என் வீட்டுக்காரர் சொன்னார். கலையவில்லை. ஞாயிறு மதியம் மருந்துக்கடையை அடைத்ததும் மாடி அறைக்குப் போய்விடுகிறோம். பஸ் ஓட்டும் அண்ணன் தன் கதை ஆளான படகுக்கிழவனோடு வருகிறார். கணக்கு டீச்சர் தன் திருடி 'பூனை'யோடு வருகிறாள். புதிதாக எதிர்க் கட்டடத்துப் பல் டாக்டரும் சேர்ந்திருக்கிறார். கதை சொல்கிற நாற்காலியில் நான் உட்காருகிறேன். வேறு யாரும் உட்காரத் துணியவில்லை.

பல் டாக்டருக்கு விளையாட்டைப் புரியவைத்ததை நீ பார்த்திருக்க வேண்டும். "ஒருத்தர் கதை சொல்வாங்க. நீங்க அந்தக் கதைக்குள்ள ஓர் ஆளா நடப்பீங்க. என்ன செய்யறேன்னு சொல்லிட்டுப் பகடையை உருட்டணும். நடந்துச்சா இல்லையான்னு பகடை சொல்லும்" என்றேன். "சரி, இதுல யார் ஜெயிப்பாங்க?" என்றார். டீச்சர் சிரித்துவிட்டாள். "யாரும் ஜெயிக்க மாட்டாங்க டாக்டர். அதனாலதான் வாராவாரம் வர்றோம்."

இப்போது வம்பு. டாக்டர் ஒரு மந்திரவாதியை உருவாக்கினார். நெருப்புக்காரன் என்று பேர். "இவன் ஒரு நாளைக்கு எத்தனை தடவ நெருப்பு விடலாம்?" என்று கேட்டார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான், நீ பகடையை மறைத்து உருட்ட வைத்திருந்த அட்டைத் திரையைப் பார்த்தேன். வரைபடங்களை விட்டுப் போனாய், பகடைகளை விட்டுப் போனாய், மந்திரம் எப்படி வேலை செய்யும் என்பதை மட்டும் உன் தலைக்குள் வைத்து எடுத்துக்கொண்டு போய்விட்டாய்! "வாயாடித் தங்கச்சி மூஞ்சியைப் பார்த்தா தெரிஞ்சுடும் டாக்டர், போடலாமா வேணாமான்னு" என்றார் அண்ணன். இத்தனை வருடமும் நம் மந்திரச் சட்டம் உன் மூஞ்சிதான்.

என் மூஞ்சிக்கு அந்தத் திறமை இல்லை. அதனால் சட்டம் எழுதப் போகிறேன். அனுமதி கேட்கவில்லை, சொல்லிவிட்டுச் செய்கிறேன்.

எங்கிருந்து தொடங்குவது என்பதும் கிடைத்துவிட்டது. போன வாரம் ஓர் அம்மா இரண்டு மருந்துச் சீட்டுகளோடு கடைக்கு வந்தார். ஒன்று மூட்டுக்கு, ஒன்று இதயத்துக்கு. தனித்தனியாக இரண்டும் தங்கமான மருந்து. வயிற்றுக்குள் சந்தித்துக்கொண்டால் சண்டை. இரண்டு டாக்டர்களுக்கும் போன் போட்டுப் பேசி, ஒன்றை மாற்றிக் கொடுத்தேன். அவர் படியிறங்கும்போதே எனக்குப் பொறி தட்டியது. மந்திரமும் மருந்து மாதிரி உடம்புக்குள் தங்கினால்? மெல்ல மெல்லத் தணிந்தால்? சிலதோடு சிலது சேராமல் போனால்?

உன் கருத்தை எழுது. திட்டுவதாக இருந்தாலும் முழுசாகத் திட்டு.

உன்,
குப்பி

*

பிப்ரவரி 3

என் அருமைக் குப்பிக்கு,

உன் கடிதத்தைச் சாப்பாட்டு இடைவேளையில் படித்துச் சத்தமாகச் சிரித்தேன். சுற்றி இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். இந்த அலுவலகத்தில் யாரும் சிரிப்பதில்லை. குளிர் உள்ளே வந்துவிடும் என்று வாயைத் திறக்க மாட்டார்கள் போலிருக்கிறது.

முழுசாகத் திட்டச் சொன்னாய், வாங்கிக்கொள்.

இங்கே எனக்கு என்ன வேலை தெரியுமா? துவைக்கும் இயந்திரத்துக்குக் கையேடு எழுதுகிறேன். 'கதவை நன்றாக மூடிய பின் பொத்தானை அழுத்தவும். அளவுக்கு மேல் துணி போட வேண்டாம்.' காலையிலிருந்து சாயங்காலம் வரை இதுதான். இங்கிருந்து மூச்சுவிடலாம் என்று உன் கடிதத்தைப் பிரித்தால், நீ மந்திரத்துக்கும் கையேடு எழுதப் போகிறாயாம்! அதிசயத்தை அளந்து ஊற்ற முடியாதுடீ. நீ எழுதப்போவது மருந்துச் சீட்டு.

என் தலைக்குள் சட்டம் இல்லை என்று நினைத்தாயா? இருந்தது. ஒரே ஒரு சட்டம். மேசையில் அன்றைக்கு யார் முகம் வாடியிருக்கிறதோ, அவர்களுக்கு மந்திரம் பலிக்கும். அண்ணன் நாள் முழுக்க நெரிசலில் ஓட்டிவிட்டு வந்திருந்தால், படகுக்கிழவன் காற்றையே கட்டிப்போடுவான். டீச்சருக்கு வீட்டில் சண்டை என்றால் பூனை எந்தப் பூட்டையும் திறப்பாள். பகடை வேறு மாதிரி விழுந்தால் திரைக்குப் பின்னால் என் சுண்டுவிரல் இருக்கிறது, அதைத் திருப்பிப் போட. யாராவது ஒருவர் வாடிய முகத்தோடு எழுந்து போனார்களா? சொல்.

உன் மருந்துக்கடைச் சட்டம் யார் முகத்தைப் பார்க்கும்?

ஆனாலும் அனுப்பு. படிக்காமல் இருக்க முடியாது. நெருப்புக்காரன் என்று பேர் வைத்த டாக்டரிடம் சொல், இன்னும் கொஞ்சம் யோசித்திருக்கலாம் என்று. அண்ணனுக்கும் டீச்சருக்கும் என் அன்பு.

உன்,
வாயாடி

*

மார்ச் 14

அடியே வாயாடி,

நீ திட்டியதை மேசையில் உரக்கப் படித்தேன். சுண்டுவிரல் விஷயம் வந்ததும் அண்ணன் "தெரியும்மா, விரல் நகர்றது எனக்குத் தெரியும்" என்றார். டீச்சரும் ஒன்று சொன்னாள். அவள் சொன்னபடியே எழுதுகிறேன். "அவ அன்பாத்தான் செஞ்சா. ஆனா நான் திறந்த பூட்டெல்லாம் நானா திறந்ததா, அவ திறந்து விட்டதான்னு எனக்கு இப்பத் தெரியாமப் போச்சு."

நீ கேட்டாயே, உன் சட்டம் யார் முகத்தைப் பார்க்கும் என்று. யார் முகத்தையும் பார்க்காது. அதுதான் அதன் அழகு. எனக்கு இதில் துளி சந்தேகமும் இல்லை.

இனி சட்டத்தைக் கேள். பக்கத்துத் தையல்காரம்மாவிடம் ஜோடி இல்லாத பட்டன்களை வாங்கினேன். (வீட்டுக்காரர் சட்டையிலிருந்து எடுக்கவில்லை. அவரே அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்.) இருமல் மருந்தோடு கோடு போட்ட அளவுக் கோப்பை வருமே, ஆளுக்கு ஒன்று அது. அதுதான் அவரவர் மந்திரவாதியின் உடம்பு.

சிவப்பு பட்டன் நெருப்பு. நீலம் நீர். வெள்ளை, காயம் ஆற்றுவது. கறுப்பு, மறைப்பது. மந்திரம் போடும்போது அளவை நீயே முடிவு செய்யலாம். சின்னதாக வேண்டுமா, ஒரு பட்டன். பலமாக வேண்டுமா, மூன்று. போட்ட பட்டன் உன் கோப்பையில் தங்கும். கதையில் ஒரு காட்சி முடிந்தால் ஒரு பட்டனை வெளியே எடுக்கலாம். அவ்வளவு மெதுவாகத்தான் தணியும்.

சிவப்பும் நீலமும் சேராது. வெள்ளையும் கறுப்பும் சேராது. சேராத இரண்டு ஒரே கோப்பைக்குள் வந்துவிட்டால் ஆறுமுகப் பகடையை உருட்ட வேண்டும். கோப்பையில் எத்தனை பட்டன் கிடக்கிறதோ அதைவிடப் பெரிய எண் விழுந்தால் தப்பித்தாய். விழாவிட்டாலும் மந்திரம் பலிக்கும், போட்ட உடம்புதான் தாங்காது. இரண்டு, மூன்று பட்டன் என்றால் மயக்கம். நாலு, ஐந்து என்றால் உயிர். அதற்கு மேல் போடவே முடியாது.

திரையை மடித்துப் பரணில் வைத்துவிட்டேன். பகடை எல்லார் கண் முன்னாலும்தான் உருளும்.

முதல் நாளே டாக்டர் மூன்று சிவப்பைப் போட்டு ஒரு சிலந்திக் கூட்டத்தைப் பொசுக்கினார். சந்தோஷம் தாங்கவில்லை. அடுத்த காட்சியில் ஆறு குறுக்கே வந்தது. கடக்க நீலம் வேண்டும். கோப்பையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இப்ப நான் நீந்தணுமா?" என்றார். "நீந்தத் தெரியுமா?" என்றேன். "எனக்குத் தெரியும், நெருப்புக்காரனுக்குத் தெரியாதே!" அந்த மனிதர் தன் கிளினிக்கில் ஒரு நாளும் இவ்வளவு கவலையோடு உட்கார்ந்திருக்க மாட்டார். கடைசியில் படகுக்கிழவன் அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு கடந்தான். தூக்கியதோடு விட்டானா, கரை சேரும் வரை அறிவுரை.

அதிசயம் இல்லை என்றாயே. கோப்பைக்குள் பட்டன் விழும் சத்தத்துக்கு மேசையே மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்காருகிறது. வந்து பார்த்தால் தெரியும்.

உன்,
குப்பி

*

ஏப்ரல் 2

அன்புக் குப்பிக்கு,

டீச்சர் சொன்னதை மூன்று தடவை படித்தேன். அதைப் பற்றி இப்போது எழுத வரவில்லை.

உன் சட்டத்தைப் பற்றி எழுத வருகிறது. நன்றாக இருக்கிறது. எரிச்சலாக இருக்கிறது, நன்றாக இருப்பதால். படித்த அன்றைக்கு வீட்டுக்குப் போகும் ரயிலில் மனதுக்குள்ளேயே ஒரு சண்டை நடத்திப் பார்த்தேன். இறங்கும் இடத்தைத் தாண்டிப் போய்விட்டேன்.

ஆனால் ஒரு குறை. உன் சட்டத்தில் உடம்பு இருக்கிறது, ஆள் இல்லை. மருந்து சாப்பிட்டால் பக்கவிளைவு என்று ஒன்று உண்டா இல்லையா? நாக்கு கசக்கும், காது அடைக்கும். அதை நீ அட்டவணை போட்டு எழுதிவிடாதே, கெடுத்துவிடுவாய். மந்திரம் போடுகிறவரே சொல்லட்டும். ஒவ்வொரு தடவையும், பட்டனைப் போட்ட கையோடு, தன் ஆளுக்கு உள்ளே என்ன ஆனது என்று ஒரு வாக்கியம். சொல்லாவிட்டால் மந்திரம் பலிக்காது. இது என் பங்கு. இதைச் சேர்த்தால் நான் உன் மருந்துச் சீட்டில் கையெழுத்துப் போடுகிறேன்.

இங்கே இன்னும் என்னோடு பேச யாரும் சிக்கவில்லை. பக்கத்து மேசையில் இருப்பவர் கையேட்டுக்குப் படம் வரைபவர். நல்ல மனிதர்தான். நான் எழுதும் ஒவ்வொரு கதவுக்கும் பொத்தானுக்கும் ஒரு கை வரைகிறார். மற்றபடி நாங்கள் பேசிக்கொள்வது "காலை வணக்கம்" மட்டும். சனி, ஞாயிறு நீளமாக இருக்கிறது. ஞாயிறு மதியம் உங்கள் நேரத்தைக் கணக்குப் பண்ணி, இப்போது உட்கார்ந்திருப்பார்கள் என்று நினைத்துக்கொள்வேன்.

குறை சொல்வதற்காக எழுதவில்லை. சட்டத்தில் சேர்.

உன்,
வாயாடி

*

மே 11

அன்புள்ள வாயாடிக்கு,

உன் சட்டத்தைச் சேர்த்தேன். அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம் முழுக்க.

படகுக்கிழவன் இறந்துவிட்டான்.

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். மூவரும் ஒரு கோட்டைக்குள் நுழைந்திருந்தார்கள். காவல்காரர்கள் கண்ணில் படாமல் எல்லாரையும் மறைக்க, கிழவன் கறுப்பு இரண்டு போட்டான். "காது ரெண்டும் தண்ணிக்குள்ள இருக்கற மாதிரி இருக்கு" என்றார் அண்ணன். அந்தக் காட்சி முடிவதற்குள் பூனை ஒரு கதவைத் திறந்தாள், உள்ளே விழித்திருந்தவன் அவளைக் குத்திவிட்டான். ஆழமான காயம். நெருப்புக்காரனுக்கு வெள்ளை தெரியாது; ஆற்றக் கிழவனால்தான் முடியும், அதற்கு வெள்ளை மூன்று வேண்டும். அதற்குக் குறைந்தால் பயனில்லை. கறுப்பு இரண்டு, வெள்ளை மூன்று. ஐந்து பட்டன். பகடையில் ஆறு விழுந்தால்தான் கிழவனுக்குப் பிழைப்பு.

நான் சொல்லத் தேவையில்லை, எல்லாரும் எண்ணிவிட்டார்கள். "வேணாம் அண்ணே, நான் வேற ஒரு ஆள் செஞ்சுக்கறேன். பூனை போனாப் போகட்டும்" என்றாள் டீச்சர். அண்ணன் அவளைப் பார்க்கவே இல்லை. மூன்று வெள்ளையையும் ஒவ்வொன்றாகப் போட்டார். பகடையை உருட்டினார்.

ஐந்து விழுந்தது.

"அஞ்சு போதாதா?" என்றார் டாக்டர், ரொம்ப மெதுவாக. "போதாது" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

அப்புறம் உன் சட்டம். அவர் சொல்ல வேண்டிய வாக்கியம். கிழவன் எப்படிப்பட்டவன் என்று உனக்குத் தெரியாதா? வாயை மூடவே மாட்டான். பேயிடம்கூடப் பேரம் பேசுவான். அண்ணன் கோப்பையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "பூனைக் குட்டி எழுந்து உட்கார்றா. கிழவன் அவகிட்ட ஏதோ சொல்லணும்னு வாயத் திறக்கறான். சொல்றதுக்கு ஒண்ணும் பாக்கி இல்ல. மூடிக்கறான்."

டீச்சர் அவரை நிமிர்ந்து பார்த்தாள், பிறகு முகத்தை மூடிக்கொண்டாள். அண்ணன் எழுந்து போய்க் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு, "வரேம்மா" என்று படியிறங்கிவிட்டார். அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை, நேற்றும் வரவில்லை.

சட்டம் சரிதான். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அவரைப் பற்றித்தான் கவலை. நீ என்ன நினைக்கிறாய்?

உன்,
குப்பி

*

மே 25

குப்பி,

நான் என்ன நினைக்கிறேன் என்றா கேட்கிறாய்? அந்த மனிதர் பஸ்ஸில் 'ஓட்டுநரிடம் பேசாதீர்கள்' என்ற பலகைக்குக் கீழே நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிறார். அவர் பேசுகிற இடம் அந்தக் கிழவன் ஒருவன்தான். அவனை நீ ஒரு பட்டனுக்காகக் கொன்றுவிட்டாய்!

ஐந்து விழுந்ததாம், ஆறு வேண்டுமாம். ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவே ஒரு மனிதர் இருக்கிறார், அது கண்ணில் படவில்லையா? நான் அந்த நாற்காலியில் இருந்த வரை ஒருவரும் எழுந்து போனதில்லை.

அண்ணனுக்கு நேற்று போன் செய்தேன். கவலைப்படாதீர்கள், விடுமுறையில் வருகிறேன், வந்த அன்றே கிழவனுக்கு உயிர் கொடுக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். ஆற்றங்கரையில் கண் விழிக்கிற மாதிரி ஒரு காட்சிகூட யோசித்துவிட்டேன். அதுவரை நீ மேசையைக் கலைக்காமல் வைத்திருந்தால் போதும்.

வாயாடி

*

ஜூன் 17

அன்புள்ள வாயாடிக்கு,

உடனே பதில் எழுதாமல் இருந்ததற்குக் காரணம், அண்ணனைப் பார்க்காமல் எழுதக்கூடாது என்று நினைத்ததுதான். டிப்போவுக்குப் போனேன். ஓட்டுநர்கள் ஓய்வறையில் இரண்டு பெஞ்சு, ஒரு தண்ணீர் டிரம், சுவரில் நேர அட்டவணை. அண்ணன் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டார்.

"என்னம்மா, கடைய விட்டுட்டு இங்க?"

"நீங்க வரலையே அண்ணே."

"ஷிப்டு மாத்திட்டாங்கம்மா. ஞாயித்துக்கிழமை மதியம்தான் போட்டிருக்கான். மாத்திக் கொடுடான்னு ஒவ்வொருத்தன்கிட்டயும் கேட்டுட்டு இருக்கேன். உனக்குச் சொல்லணும்னு நெனச்சேன், போன் பண்ணாக் கிழவனப் பத்திப் பேசணும். இன்னும் கொஞ்ச நாள் போகட்டும்னு விட்டுட்டேன்."

எனக்குச் சிரிப்பா அழுகையா தெரியவில்லை. கேட்டுவிட்டேன். "என்மேல கோபமா?"

அவர் யோசித்தார். அவர் எதற்கும் உடனே பதில் சொல்ல மாட்டார் என்று உனக்குத் தெரியும், கிழவன்தான் சொல்வான்.

"அழுதேன். வீட்ல கேட்டாங்க, யாரு செத்தான்னு. என்னன்னு சொல்றது? ஆனா கோபம் இல்லம்மா. தெரிஞ்சேதான் போட்டேன். அஞ்சு பட்டன் கண்ணுக்கு முன்னாடி கெடக்குது, ஆறு விழணும்னு தெரியுது, இருந்தும் போட்டேன். இத்தன வருஷத்துல கிழவன் எவ்வளவோ செஞ்சிருக்கான். அதெல்லாம் தங்கச்சி கொடுத்தது. இது ஒண்ணு நான் செஞ்சது. டீச்சரம்மா அன்னைக்கு என்னைப் பார்த்தாங்களே, அந்த மாதிரி யாரும் என்னைப் பார்த்ததில்ல."

பிறகு தயங்கித் தயங்கி இதையும் சொன்னார். "வாயாடித் தங்கச்சி போன் பண்ணுச்சு. உயிர் கொடுக்கறேன்னுச்சு. அன்பாச் சொல்லுது, வேணாம்னு எப்படிச் சொல்றதுன்னு தெரியல. நீ சொல்லிடறியா?"

சொல்கிறேன். வேண்டாம்.

கிழவன் எழுந்து வந்துவிட்டால் அவர் செய்தது ஒன்றுமில்லை என்று ஆகிவிடும். நீ அவருக்கு ஒன்றைக் கொடுப்பதாக நினைத்து, அவருடையதை எடுத்துவிடுவாய்.

என் முதுகுக்குப் பின்னால் அவருக்குப் போன் செய்தாயே, அது எனக்கு வலித்தது. ஆனால் வலித்ததற்காக இதைச் சொல்லவில்லை. அந்த நாற்காலியில் இப்போது நான் உட்கார்ந்திருக்கிறேன். உன் இடத்தைப் பார்த்துக்கொள்கிறவளாக இல்லை. இந்தக் கதையை நான் சொல்கிறேன், நன்றாகச் சொல்கிறேன். நீ எப்போது வந்தாலும் இந்த வீட்டுக் கதவு திறந்திருக்கும், மேசையிலும் உனக்கு இடம் உண்டு. ஆனால் முடிந்த ஒன்றை மாற்றுவதற்காக வராதே.

கோபித்துக்கொள்வாய் என்று தெரியும். தெரிந்தே எழுதுகிறேன்.

உன்,
குப்பி

*

ஆகஸ்ட் 8

அன்புள்ள வாயாடிக்கு,

உன்னிடமிருந்து ஒரு வரியும் இல்லை. போனையும் எடுப்பதில்லை. சரி, நான் எழுதுகிறேன்.

அண்ணனுக்கு ஷிப்டு கிடைத்துவிட்டது. புது ஆளோடு வந்தார்: ஒட்டுக்கேட்பதையே தொழிலாக வைத்திருக்கும் ஓர் உளவுக்காரி. "இவ பேச மாட்டா, கேப்பா" என்று சொல்லிவிட்டு, அவள் ஏன் பேச மாட்டாள் என்பதைச் சாயங்காலம் வரை விளக்கினார். டாக்டர் நீந்தக் கற்றுக்கொண்டிருக்கிறார். நெருப்புக்காரன் இல்லை, டாக்டரே.

சட்டம் முடிந்தது. தட்டச்சு செய்து, தைத்து, புத்தகமாக இதோடு அனுப்பியிருக்கிறேன். முதல் பக்கத்தில் 'குப்பி, வாயாடி' என்று இரண்டு பேரையும் போட்டிருக்கிறேன். உன்னைக் கேட்கவில்லை. உன் வாக்கியம் இல்லாமல் என் சட்டம் வெறும் மருந்துச் சீட்டுதான். அதை நீ சொன்ன அன்றைக்கே ஒத்துக்கொண்டிருக்கலாம், திமிர்.

உன்,
குப்பி

*

அக்டோபர் 20

என் அருமைக் குப்பிக்கு,

உன் ஜூன் கடிதத்தை ஒரு தடவை படித்துவிட்டு மேசை இழுப்பறையில் போட்டுப் பூட்டினேன். கோபம்தான். அந்த நாற்காலி இப்போது உன்னுடையது என்று நீ எழுதியது சுட்டது. ஆனால் அதைவிட, அண்ணன் என்னிடம் சொல்லத் தயங்கி உன்னிடம் சொன்னாரே, அதுதான் ரொம்ப நாள் அறுத்துக்கொண்டே இருந்தது.

அப்புறம் உன் புத்தகம் வந்தது. அலுவலகத்திலேயே பிரித்தேன். கையேடு எழுதுகிறவள் இல்லையா, சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கிழித்துத் தோரணம் கட்ட வேண்டும் என்ற எண்ணம். ஓர் எழுத்துப்பிழையும், இடம் மாறிய ஒரு வரியும்தான் கிடைத்தன. என் எரிச்சலை நீ நினைத்துப் பார்த்துக்கொள்.

படம் வரைகிறவர் எட்டிப் பார்த்தார். "இது என்ன இயந்திரம்?" என்று கேட்டார். "மந்திரம்" என்றேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். இத்தனை மாதமும் "காலை வணக்கம்" சொன்ன மனிதர், அரை மணி நேரம் கேள்வி கேட்டார்.

இப்போது எங்களுக்கு ஒரு மேசை இருக்கிறது. அவர், வரவேற்பில் இருக்கும் பெண், என் மாடிவீட்டுத் தம்பதி. சனிக்கிழமை மதியம் என் வீட்டில். பட்டன் நானே என் பழைய கோட்டிலிருந்து வெட்டினேன், கோப்பைக்குத் தேநீர்க் கடைக் காகிதக் குவளை. திரை வைக்கவில்லை. புத்தகத்தில் நீ வேண்டாம் என்று எழுதியிருக்கிறாய், என் பேரும் அதன்மேல் இருக்கிறது, என்ன செய்வது?

மூன்றாவது சனிக்கிழமை, படம் வரைகிறவரின் ஆள் மாட்டிக்கொண்டான். சிவப்பும் நீலமும், நாலு பட்டன். பகடை உருண்டு என் பக்கம் வந்து, என் கைக்குப் பக்கத்தில் நின்றது. மூன்று. மற்றவர்கள் குனிந்து பார்ப்பதற்குள் ஒரு கணம் இருந்தது, குப்பி. என் சுண்டுவிரலுக்கு அது போதும். அவர் எழுந்து போய்விட்டால் மறுபடி எனக்கு இந்த ஊரில் யாரும் இல்லை என்ற நினைப்புதான் முதலில் வந்தது. அவர் முகம் வாடுமே என்று வரவில்லை. நான் தனியாகிவிடுவேனே என்று வந்தது. அங்கே உங்களோடு இருந்தபோதும் எனக்கு அந்தப் பயம்தான் இருந்திருக்கிறது, அதற்கு நான் வேறு பேர் வைத்திருந்தேன்.

கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். "மூணு" என்று சொன்னேன்.

அவர் தன் ஆள் எப்படிப் போனான் என்று சொன்னார். வரவேற்புப் பெண் "இன்னொரு தடவை சொல்லுங்க" என்றாள். அடுத்த சனிக்கிழமை எல்லாருக்கும் முன்னால் வந்து நின்றார், புது ஆளை ஒரு பக்கம் முழுக்க வரைந்து எடுத்துக்கொண்டு.

அண்ணனுக்கு நானே போன் செய்து பேசிவிட்டேன். கிழவனைப் பற்றிச் சொல்லுங்கள் அண்ணே என்றேன், சொன்னார். நான் குறுக்கே பேசவில்லை. நம்ப மாட்டாய், அவரையே கேட்டுக்கொள்.

டிசம்பரில் விடுமுறை கிடைத்திருக்கிறது, வருகிறேன். என்னைக் கதை சொல்லச் சொல்லாதே. எத்தனையோ வருடமாக உங்கள் எல்லாரையும் விளையாட வைத்தேன், நான் ஒரு நாளும் விளையாடியதில்லை. எனக்கு ஆசையாக இருக்கிறது. ஆளைக்கூட உருவாக்கிவிட்டேன்: சந்தையில் கண்ணாடி விற்கிறவள். மந்திரம் ஒன்றே ஒன்றுதான் தெரியும், அதையும் பாதிதான் கற்றிருக்கிறாள். ஆனால் எல்லாம் தெரிந்த மாதிரி பேசுவாள், அதற்குச் சட்டத்தில் தடை இல்லை என்று பார்த்துக்கொண்டேன்.

எனக்குச் சலுகை எதுவும் வேண்டாம். வந்த முதல் ஞாயிறே சாகடிக்க வேண்டி வந்தாலும் சாகடி. அடுத்த ஞாயிறும் நான் வருவேன்.

என்றும் உன்,
வாயாடி